கருப்புக்கு இடமில்லாத ஒரு ஜோடி ஷூ

முதலில் ஒரு வேண்டுகோள். மேஜை மேல் வரிசையாக நிற்கும் மார்க்கர்களைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். சிரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். பிரஷ்ஷையும் பஞ்சையும் ஓரமாக வைத்துவிட்டு, வெற்று மார்க்கரில் சாயத்தை நிரப்பி நான் தோல் மேல் தேய்க்க ஆரம்பித்த வாரம், பக்கத்துப் பட்டுச்சேலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, எந்த கிளாஸ் படிக்கிறேன் என்று விசாரித்தார். ஊர் முழுக்கப் பட்டு மினுக்கும் ஆரணியில் தோல் வேலை செய்கிறவனை ஏற்கெனவே ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். அதிலும் ஸ்கெட்ச் பேனா வைத்துக்கொண்டு செய்தால் கேட்கவா வேண்டும்?

இப்போது என் வலது மணிக்கட்டு எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டது. மற்ற பாகங்கள் அதன் முடிவை மதித்துப் பின்தொடர்ந்தன. ஆகவே கையால் செய்துகொண்டிருந்ததை வாயால் செய்யலாம் என்று, தொழில் கற்க வந்திருக்கும் உங்கள் முன்னால் நிற்கிறேன். எந்த முனை எதற்கு, எப்படி நிரப்புவது, எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் லோகு சொல்லித் தருவாள். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். இந்தப் பட்டறையில் என்னைவிட நல்ல கை அவளுக்கு. என்னைவிட மோசமான வாயும் அவளுக்குத்தான். நான் சொல்ல வந்தது மார்க்கரின் மூடியைக் கழற்றிய பிறகு, முனை தோலைத் தொடுவதற்கு முன்னால் வரும் நொடியைப் பற்றி. நம் தொழிலில் மூளைக்கு வேலை இருப்பது அந்த ஒரு நொடியில்தான்.

அந்த நொடியை நான் முதலில் தவறவிட்டது ஒரு வக்கீல் பையில். போளூர் வக்கீல் ஒருவர் தேன் நிறத்தில் பை கேட்டிருந்தார். தேன் மாதிரியே வந்திருந்தது. ஓரத்துக்கு அடர்ந்த சாயம் கொடுக்க மார்க்கரை எடுத்தேன். முனை காய்ந்திருந்தது. சாயம் இறங்க வேண்டுமானால் முனையை ஒரு அழுத்து அழுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பைக்கு மேலேயே வைத்து அழுத்தினேன். புளியங்கொட்டை அளவில் ஒரு சொட்டு, பையின் நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி விழுந்தது. சாயம் தோலுக்குள் போகும். வெளியே வரத் தெரியாது. பை முழுவதையும் கருப்பாக்கினேன். வாங்க வந்த வக்கீல், தேன் நிறம் கேட்டேனே என்றார். கோட்டுக்குக் கருப்புதான் எடுப்பாக இருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் பை என்னைக் கெடுத்தது. என்ன தப்பு செய்தாலும் கருப்பு காப்பாற்றும் என்ற தைரியம் வந்துவிட்டது. பழுப்பில் கறை விழுந்தால் கருப்பு, சிவப்பு திட்டுத்திட்டாக வந்தால் கருப்பு. அலமாரியில் கருப்புப் பொருள்கள் பெருகின. தேடி வந்த ஒருவர், உங்கள் ஸ்பெஷாலிட்டியே கருப்பு போல என்று பாராட்டிவிட்டுப் போனார். லோகு மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் இருமினாள்.

அப்படி இருந்தவனிடம்தான் சுகந்தி வந்தாள்.

சுகந்தி எங்களுக்குப் புதியவள் இல்லை. செய்யாறில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு உதிரிபாகங்களில் குறை கண்டுபிடிப்பாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடாது. பிறவியிலேயே இடது கால் சற்றுக் குட்டை. அந்தக் காலுக்கு அடிப்பாகத்தை உயர்த்திக் கட்டிய ஷூ வேண்டும். டாக்டர் கொடுக்கும் அளவுக்கு நாங்கள்தான் செய்து தருவோம். கம்பெனி விதிப்படி எப்போதும் கருப்பு. அந்த ஷூவோடு அவள் ஓடிப்போய் பஸ் பிடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அது இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு தேவிகாபுரம். நிச்சயதார்த்தத்தில் காலில் கருப்பு ஷூவைப் பார்த்த அவளுடைய சொந்த அத்தை, கல்யாண மேடையில் கருப்பு கூடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். ஷூ இல்லாவிட்டால் நிற்க முடியாது. ஆகவே பெரியவர்கள் கூடிப் பேசி, ரிசப்ஷனில் மாப்பிள்ளை நிற்கட்டும், பெண் சோபாவில் உட்கார்ந்தபடியே வருகிறவர்களைக் கும்பிடட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு எதிலும் ஆட்சேபணை இல்லை. நல்ல பையன்.

“டெய்லி ஷிஃப்ட் முழுக்க நிக்கறேன் சார்,” என்றாள் சுகந்தி. “என் கல்யாணத்துக்கு வர்றவங்கள உக்காந்துகினு கும்பிடணுமா? கருப்புதான பிரச்சினை? வேற கலர்ல போட்டுக் குடுங்க. அப்பா நெய்யற சேலைக்கு மேட்சா.”

அப்பா ஏகாம்பரம் பட்டு நெசவாளர். மகளின் ரிசப்ஷன் சேலையைத் தானே நெய்வதாக இருந்தார். ஷூ விஷயத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. சேலையோடு சேர்ந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விட வேண்டும். கொசுவத்தைத் தரை வரைக்கும் இறக்கிவிடுவோம், மீறித் தெரிந்தாலும் சேலை என்றே நினைக்க வேண்டும் என்றார்.

நிறம் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். தறி இருக்கும் அறைக்குள் அவர்கள் வீட்டில் செருப்பு மட்டுமல்ல, தோல் பொருள் எதுவுமே போகாது. செருப்பை வாசலில் விட்டேன். பெல்ட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் சட்டையை எடுத்து வெளியே விட்டுக்கொண்டு, அறை வாசற்படியோடு நின்றுவிட்டேன். தறியில் பாவு ஏற்றியிருந்தது. நெய்ய ஆரம்பிக்கவில்லை. அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளவாக்கில் நீல இழைகள். பார்த்த கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மீந்த நூலில் ஒரு சிறு கற்றை கேட்டேன், கொடுத்தார். நீலம். வந்துவிட்டேன்.

ஆரணியில் பிறந்தவன் நான். ராத்திரி தூக்கமே தறிச் சத்தத்தில்தான் வந்திருக்கிறது. நீளவாக்கில் போகிற பாவு பாதி நிறம்தான், குறுக்கே ஓடுகிற ஊடை என்ன என்று தெரிந்தால்தான் சேலையின் நிறம் தெரியும் என்று இந்த ஊரில் டீ ஆற்றுகிறவரும் சொல்வார். நான் கேட்கவில்லை. வெளியூர்க்காரன் என்றால் கேட்டிருப்பான். அவனுக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும்.

நூலுக்குச் சாயம் ஒத்துப்போக நான் பட்ட பாட்டைச் சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன். வெயிலில் வைத்துப் பார்த்தேன், நிழலில் வைத்துப் பார்த்தேன். இரண்டு ஷூவும் நீலமாக, ஒரு திட்டு இல்லாமல் வந்தன. லோகுவே ஒன்றும் சொல்லவில்லை. அவள் அகராதியில் அது கைதட்டல்.

ரிசப்ஷனுக்கு முந்தைய நாள் நல்ல நேரம் பார்த்துச் சேலையைத் தறியிலிருந்து அறுத்தார்கள். மத்தியானம் சுகந்தியும் ஏகாம்பரமும் அதை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். சுகந்தி ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றாள். காலில் கனகச்சிதம். நான் வாழ்த்துகளை ஏற்கத் தயாரானேன். லோகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, சேலையை விரித்து ஷூவின் மேல் கொசுவம் மாதிரி பிடித்தாள்.

சேலை நீலம் இல்லை. பச்சை. இல்லை, நீலம். லோகுவின் கை அசைந்தால் பச்சை, நின்றால் நீலம். மயில்கழுத்து. அவ்வளவு பிரகாசத்துக்குக் கீழே என் அருமை நீலம் செத்துப்போய்க் கிடந்தது.

“ணா,” என்றாள் லோகு மெதுவாக. “கருப்பாத் தெரியுது.”

சுகந்தி குனிந்து பார்த்தாள். குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவள் ஷூவைக் கழற்றி மேஜை மேல் வைத்தது, திட்டியதைவிட மோசமாக இருந்தது.

“ஊடை பச்சைங்களா?” என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன்.

“மயில்கழுத்துன்னா ஊடை பச்சைதான தம்பி. ஆரணியிலேயே பொறந்த ஆளு, கேப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நீங்க சொல்லுவீங்கன்னு நான் நெனச்சேன்.”

“ரெண்டு பேரும் நல்லா நெனச்சிகினே இருந்திருக்கீங்க,” என்றாள் லோகு. “அந்தப் பொண்ணு நாளைக்கு சோபாவுலதான் உக்காரணும் போல.”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் கை தானாக நகர்ந்தது. எதை எடுக்கப் போனது தெரியுமா? கருப்பு மார்க்கரை. மூளையைக் கேட்காமல் பழக்கம் மட்டும் போய்த் தேடியது. லோகு அதை முன்னாலேயே எடுத்துத் தன் மெஷின் பெட்டிக்குள் போட்டிருந்தாள். இத்தனை வருஷமும் எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் கருப்பு என்ற ஏணி இருந்தது. உலகத்திலேயே ஆகாத ஒரே நிறம் கருப்பு என்று ஒரு வேலை வந்து சேர்ந்தபோதுதான், அந்த ஏணியை நம்பிப் பள்ளத்தைப் பார்க்காமலே நடந்து பழகியிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஏகாம்பரம் ஒரு வழி சொன்னார். பச்சை பெயின்ட் எடுத்து முழுசாகப் பூசிவிடுங்கள், நீலம் மறைந்துவிடும். ஜல்தியாக முடிந்துவிடும். சாயம் தோலுக்குள் போகும், பெயின்ட் மேலே உட்காரும். மேலே உட்காருவது கீழே இருப்பதை மறைக்கும். அது வரை அவர் சொன்னது சரி. ஆனால் நீலத்தை மறைக்கும் அளவு கனமாகப் பூசினால், விரல்கள் மடங்கும் இடத்தில் அது வெடிக்கும். மண்டபத்துப் படிகளை ஏறி முடிப்பதற்குள் ஷூ மழை காணாத ஏரி மாதிரி ஆகிவிடும். முடியாது என்றேன். அவர் முகம் இறுகியது. வேற என்னதான் முடியும் தம்பி என்றார்.

எனக்கும் தெரியவில்லை. தெரியாதபோது செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியம் ஒன்று உண்டு. மார்க்கரைக் கீழே வைப்பது. வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சேலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்புக்குள் செருகுகிற உள்முனையில், தறியிலிருந்து அறுத்த இடத்தில், நெய்யாத பாவு இழைகள் கொஞ்சம் தொங்கின. ஷூவை அதன் பக்கத்தில் வைத்தேன். அதே நீலம். கொஞ்சம் கூட வித்தியாசம் இல்லை. அப்படியானால் நான் செய்தது தப்பு இல்லை. பாதி. பாவோடு நிறுத்திவிட்டேன்; ஊடை ஓட்டவில்லை.

அதே நீலச் சாயம் ஏற்றிப் பார்த்த துண்டுத் தோல் ஒன்று மீதி இருந்தது. மெல்லிய முனை போட்ட மார்க்கரில் பச்சை பெயின்ட்டைக் கலந்து நிரப்பி, குறுக்கே நெருக்கமாகக் கோடுகள் இழுத்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் நீலம் எட்டிப் பார்க்க இடம் விட்டேன். பெயின்ட் மெல்லிய கோடுகளாக இருந்ததால் தோலை மடக்கினாலும் வெடிக்கவில்லை. லோகு துண்டைத் தரையில் வைத்துச் சேலையை மேலே பிடித்தாள். நின்ற உயரத்திலிருந்து பார்த்தால் கோடுகள் தெரியவில்லை; ஒரு மாதிரி நீலப்பச்சை மட்டும் தெரிந்தது. பட்டு மாதிரி அது நிறம் மாறாது, உண்மைதான். ஆனால் சேலை நீலத்துக்குச் சாய்ந்தாலும் பச்சைக்குச் சாய்ந்தாலும் இதுவும் கூடவே ஒத்துப்போனது, நல்ல கூட்டணிக் கட்சி மாதிரி.

“கருப்பு போயிடுச்சு,” என்றாள் சுகந்தி. பிறகு, “நிஜ ஷூவுலயும் இப்படி வருமா சார்?”

வரும் என்றேன். மணிக்கட்டு என்ன சொன்னது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. மார்க்கருக்குள் இருந்த கலவை அவ்வளவுதான். டப்பாவில் இருந்த பச்சையை வழித்து, வெள்ளையும் நீலமும் கண்ணால் அளந்து கலந்தது. திரும்பக் கலந்தால் அண்ணன் தம்பி மாதிரி வருமே தவிர, அதே ஆள் வரமாட்டான். உயரமான இடது ஷூவின் பக்கவாட்டில்தான் பரப்பு அதிகம். லோகு சொன்னாள், பெரிசை முதலில் முடித்துவிடலாம், எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஏகாம்பரமும் அதையே சொன்னார். இருவரும் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

நான் மறுத்தேன். என் வேலைக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் இப்போதும் நிமிர்ந்து நின்று சொல்லக்கூடிய முடிவு அதுதான். இதில் ஒரு கோடு, அதில் ஒரு கோடு என்று இரண்டையும் மாற்றி மாற்றி, நுனியிலிருந்து பின்னால் போவேன். தீர்ந்தால் இரண்டிலும் ஒரே இடத்தில் தீரட்டும் என்றேன். ஒரு ஷூ மயில்கழுத்து, இன்னொன்று நீலம் என்று நின்றால் பார்க்கிறவன் இரண்டு காலையும் ஒப்பிடுவான். பிறந்ததிலிருந்து ஊர் அவளுக்குச் செய்துகொண்டிருப்பது அதைத்தானே? அதற்கு நானும் ஒரு காரணம் செய்து கொடுக்க வேண்டுமா?

இதை நான் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. “மாத்தி மாத்திதான் போடுவேன், பேஜார் பண்ணாதீங்க,” என்றுதான் சொன்னேன்.

மார்க்கர் காய்ந்தபோதெல்லாம் லோகு துண்டுத் தோலை நீட்டினாள்; முனையை அதில்தான் அழுத்தினேன். வக்கீல் பை கற்றுக்கொடுத்ததை ஒருவழியாக அன்று கற்றுக்கொண்டேன். நுனி முடிந்தது, இரண்டு பக்கமும் முடிந்தது. உயர்த்திக் கட்டிய அடிப்பாகம் பெயின்ட்டைக் குடித்துக்கொண்டே இருந்தது. குதிகாலுக்குத் திரும்புகிற இடத்தில் கோடு வெளிறியது. அழுத்தினேன், குலுக்கினேன், பெயரைச் சொல்லிக் கெஞ்சினேன். தீர்ந்துவிட்டது. இரண்டு ஷூவிலும் குதிகால் மட்டும் நீலமாகவே நின்றது. ஆனால் இரண்டிலும் ஒரே இடத்தில்.

கிட்டத்தட்ட அதே பச்சையை மறுபடி கலந்து பார்க்கிறேன் என்றேன். சுகந்தி இரண்டு ஷூவையும் கையில் எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பெனியில் ஒரு பொருளை நிராகரிப்பதற்கு முன்னால் அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்பா, முந்திக்கு ஊடை என்ன போட்ட?”

“நீலம்,” என்றார் ஏகாம்பரம். “பாவும் நீலம், ஊடையும் நீலம். மேல ஜரிகை.”

“அப்புறம் இன்னா? முன்னாடி உடம்பு, பின்னாடி முந்தி. முந்தி பின்னாலதான தொங்கப் போவுது? கீழ ஷூவும் அப்படியே வருது. கைய வெக்காதீங்க சார். இது பாஸ்.”

மறுநாள் சாயங்காலம் மண்டபத்துக்கு நானும் லோகுவும் போனோம். மேடையில் சோபா இருந்தது. அதில் அத்தை உட்கார்ந்திருந்தாள். சுகந்தி மாப்பிள்ளை பக்கத்தில் நின்று வருகிற ஒவ்வொருவரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வரிசை தேவிகாபுரம் வரைக்கும் நீண்டது போல இருந்தது. நாங்கள் மேடை ஏறும் முறை வந்தபோது போட்டோக்காரர், ஷூ தெரிகிறது, சேலையைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள் என்றார். ஏகாம்பரம் ஓரத்திலிருந்து வந்து குனிந்தார். கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெசவில் அறுந்த இழை தேடுகிற மாதிரி பார்த்தார். பிறகு ஒரு விரல் அளவு மேலே ஏற்றிவிட்டு, “இருக்கட்டும்பா,” என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

பாடம் என்ன என்று கேட்பீர்கள். ஊடை என்ன என்று கேளுங்கள். முனையை வேலைக்கு மேல் வைத்து அழுத்தாதீர்கள். ஜோடியை ஜோடியாகவே செய்யுங்கள். கருப்பு மார்க்கரைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் பட்டறையில் அது இன்னும் லோகுவின் மெஷின் பெட்டிக்குள்தான் இருக்கிறது, வேண்டுமென்றால் காரணம் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

சில மாதம் கழித்து சுகந்தி அடுத்த கருப்பு ஷூவுக்கு அளவு கொடுக்க வந்தபோது, கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். போட்டோக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே எதிலும் நம்பிக்கை இல்லை போல. என் கோடுகள் ஒரு படத்தில்கூட விழவில்லை. ஆனால் ரிசப்ஷன் படங்கள் எல்லாவற்றிலும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.